குழாயைத் திறந்தால் அணையும் டிவி

அக்கா பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தார். டிவி அணைந்தது.

முதல் முறை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விம்பிள்டனில் இரண்டாவது செட் டை-பிரேக்கரில் நின்றது. மச்சான் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினார். நான் வயரை ஆட்டிப் பார்த்தேன். சில விநாடிகளில் டிவி தானாகவே உயிர்பெற்று கம்பெனியின் லோகோவைக் காட்டியது. லோகோ மறைவதற்குள் அக்கா அடுத்த தட்டை எடுத்தார். மறுபடி இருட்டு. நான்காவது தட்டில்தான் எனக்குப் பொறி தட்டியது.

"அக்கா, ஒரு நிமிஷம் குழாயைத் தொடாதீங்க!"

"டிவி கெட்டுப்போனதுக்கு அண்ணிதான் கிடைச்சாங்களா?" என்றாள் என் மனைவி.

குற்றவாளி அண்ணி இல்லை. ஆனால் குழாய்க்கும் டிவிக்கும் இடையே ஏதோ உறவு இருந்தது.

இடம், இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் டேல்ஸ். சாந்து பூசாமல் கல்லடுக்கிக் கட்டிய சுவர்கள், செம்மறி ஆடுகள், ஓயாத தூறல். லெஸ்டரில் வேலை பார்க்கும் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அங்கே ஒரு பழைய கேரவன் வாங்கி வைத்திருக்கிறார். நான் அக்கா என்று கூப்பிடுவது அவர் மனைவியை. கேரவன் என்றதும் நமக்குக் கோடம்பாக்கம்தான் நினைவுக்கு வரும்: ஹீரோ ஓய்வெடுக்கும் ஏசி வண்டி, அதற்குக் கரண்ட் கொடுக்க உறுமிக்கொண்டு நிற்கும் ஜெனரேட்டர். பிரிட்டனில் கேரவன் என்பது வேறு சாதி. எஞ்சின் கிடையாது, காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகிற சிறு வீடு. கட்டில், அடுப்பு, கழிவறை, கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். பெரிய முகாம்களில் நீல நிறப் பிளக் ஒன்றைச் சொருகினால் 230 வோல்ட் வந்துவிடும். மச்சானுக்கு அந்தக் கூட்டம் ஆகாது. கேரவன் கிளப்புகள் சான்று கொடுத்த சின்னத் தங்குமிடங்கள் விவசாயிகளின் நிலங்களில் உண்டு. ஒரே சமயத்தில் ஐந்து கேரவன்களுக்கு மேல் அங்கே நிற்கக் கூடாது. அப்படி ஒரு புல்வெளியில்தான் நாங்கள் இருந்தோம். தண்ணீர் பிடித்துக்கொள்ள ஒரு குழாய், கழிவைக் கொட்ட ஓர் இடம். கரண்ட் கிடையாது.

ஆகவே எல்லாவற்றுக்கும் ஆதாரம், கேரவனின் முன்பக்கப் பெட்டியில் இருந்த ஒற்றை ஈய-அமில பேட்டரி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. விளக்குகள், டிவி, தண்ணீர் பம்ப் மூன்றும் அதன் பிள்ளைகள். கேரவனில் மேல்நிலைத் தொட்டி கிடையாது. வெளியே வைத்த பீப்பாயிலிருந்து தண்ணீர் வர வேண்டும். குழாயைத் திருகினால் அதற்குள் இருக்கும் சின்ன சுவிட்சு அழுந்தி பம்ப் ஓடத் தொடங்கும். குழாய்க்கும் டிவிக்கும் இருந்த உறவு இந்த பம்ப்தான்.

"பேட்டரி வீக் ஆயிடுச்சு மாப்ள" என்று மச்சான் தீர்ப்பு சொன்னார். போன வருஷமும் இதே தீர்ப்பைச் சொல்லித்தான் பழைய பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியிருக்கிறார். டிவி அணைவது மட்டும் நிற்கவில்லை.

பேட்டரியின் மேல் சந்தேகம் வருவது இயல்புதான். 12 வோல்ட் பேட்டரி என்று ஒட்டியிருக்கிறதே தவிர, அது 12 வோல்ட்டில் இருக்கும் நேரம் சொற்பம். பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளாந்தே 1859இல் ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் வைத்து உருவாக்கிய அதே வேதியியல்தான் இன்றும் உள்ளே நடக்கிறது. ஓர் அறை கொடுக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 2.1 வோல்ட், ஆறு அறைகளை வரிசையாகக் கோத்தால் முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் பேட்டரி சுமார் 12.7 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தால் 12.2. 11.8 வந்துவிட்டால் ஏறக்குறையக் காலி. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதோ 14.4 வரை போகும். ஆக, 12 வோல்ட் என்பது குழந்தைக்கு வைத்த செல்லப் பெயர் மாதிரி. வீட்டு டிவிக்குக் கூடவே வரும் கறுப்பு அடாப்டர் தருகிற 12 வோல்ட் அப்படிப்பட்டதல்ல. அது 12 என்றால் 12தான், கடுகளவு முன்பின் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வரும் வம்பு கொஞ்சநஞ்சமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மச்சானிடம் ஒரு மல்டிமீட்டர் இருந்தது. முதலில் டிவியின் பிளக்கைக் கழற்றிவிட்டு அது சொருகியிருந்த சாக்கெட்டில் அளந்தோம்: 12.3 வோல்ட். "பாருங்க, சரியாத்தானே வருது?" என்றார். வந்ததுதான். ஆனால் கரண்ட் ஓடாத வயரை அளப்பது, படுத்திருப்பவரிடம் மூச்சிரைக்கிறதா என்று கேட்பதைப் போன்றது. ஓடவிட்டுக் கேட்க வேண்டும். டிவியைப் போட்டோம். 11.5. அக்காவைக் குழாயைத் திறக்கச் சொன்னோம். எண் 9.9க்கு விழுந்தது, டிவி அணைந்தது. குழாய் திறந்திருக்கும்போதே நான் மழையில் முன்பக்கம் ஓடிப்போய் பேட்டரியின் முனைகளில் நேரடியாக அளந்தேன். அங்கே 12.2.

பேட்டரியிடமிருந்து 12.2 கிளம்பியிருக்கிறது. டிவிக்கு வந்து சேர்ந்தது 9.9. நடுவில் இரண்டே கால் வோல்ட்டுக்கு மேல் யாரோ எடுத்துவிட்டார்கள். நடுவில் இருந்ததோ வயர் ஒன்றுதான்.

இந்தத் திருட்டு நமக்குப் புதிதல்ல. கோடையில் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டதும் வீட்டு பல்பு மங்கி, ஃபேன் சோர்ந்து சுழல்வதைப் பார்த்திருப்போம். லைனின் கடைசி வீடு என்றால் கேட்கவே வேண்டாம். எல்லா வயருக்கும் மின்தடை உண்டு. கரண்ட் ஓடினால் அந்தத் தடைக்கேற்ப வோல்ட் இழக்கப்படும். ஜார்ஜ் ஓம் 1827இல் எழுதி வைத்த கணக்கு அது: ஆம்பியரை ஓமால் பெருக்கினால் இழந்த வோல்ட். வீட்டில் 230 வோல்ட்டில் இந்த இழப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை. கேரவனில் அதே வயர், அதே டிவி, ஆனால் கதை வேறாகிவிடுகிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். மச்சானின் 22 அங்குல டிவி 24 வாட் தின்னும். 230 வோல்ட்டில் அதற்கு 0.1 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வேண்டும். வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. ஒன்று குறைந்தால் மற்றது கூடித்தான் ஆக வேண்டும். வயர் கவலைப்படுவது ஆம்பியரைப் பற்றி மட்டுமே. அதிலும் வயரில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230ஐ 12ஆல் வகுத்தால் 19 சொச்சம். அதை வர்க்கப்படுத்தினால் 367. ஒரே டிவியை ஒரே வயரில் ஓட்டினால், 12 வோல்ட்டில் வயர் விழுங்குவது 230 வோல்ட்டில் விழுங்குவதைப்போல் 367 மடங்கு. தமிழ்நாட்டு மின்வாரியம் 110, 230, 400 கிலோவோல்ட் என்று வானுயரக் கோபுரங்களில் மின்சாரத்தைக் கடத்துவது இந்த வர்க்கக் கணக்குக்குப் பயந்துதான். கேரவன் அந்தக் கோபுரங்களுக்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது.

இனி எங்கள் வயர். பேட்டரி முன்பக்கம், டிவி பின்பக்கம். சோஃபாவுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் என்று வளைந்து நெளிந்து 7 மீட்டர். கரண்ட் போனால் திரும்பி வர வேண்டும், அதனால் கணக்குக்கு 14 மீட்டர். இந்தத் திரும்பும் வழியைத்தான் பலரும் மறந்துவிடுவார்கள். யாரோ முன்னாள் உரிமையாளர், டிவிக்கெனத் தனி வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பம்புக்குப் போகும் மெல்லிய வயரிலேயே கிளை பிரித்து சாக்கெட் வைத்திருந்தார். குறுக்களவு 0.75 சதுர மில்லிமீட்டர். இந்தப் பருமனுள்ள செம்பு வயருக்கு மீட்டருக்கு 0.023 ஓம் தடை; 14 மீட்டருக்கு 0.32. வழியில் பச்சை பூத்த ஓர் இணைப்பையும், தளர்ந்த ஃப்யூஸ் கூட்டையும் சேர்த்தால் 0.4 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். டிவி மட்டும் ஓடினால் 2 ஆம்பியர், இழப்பு 0.8 வோல்ட். 12.3 என்பது 11.5 ஆகும். மீட்டர் காட்டியது அதுவே. பம்ப் ஓடினால் இன்னும் 4 ஆம்பியர். மொத்தம் 6, இழப்பு 2.4 வோல்ட். காகிதத்தில் 9.9 வந்தபோது மச்சான் பேனாவைக் கீழே வைத்தார். தூக்கிப்போட்ட அந்தப் பழைய பேட்டரியை நினைத்திருப்பார்.

இதில் இன்னொரு விஷமமும் உண்டு. பழைய குண்டு பல்புக்கு வோல்ட் குறைந்தால் அது எடுக்கும் கரண்டும் குறையும், அடங்கிப் போகும். இக்கால டிவி அப்படியில்லை. உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று 24 வாட்டைக் கறந்தே தீரும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி ஈடுகட்டும். ஆம்பியர் கூடினால் வயரில் இழப்பு கூடும், வோல்ட் மேலும் குறையும், டிவி இன்னும் கொஞ்சம் ஆம்பியர் கேட்கும். இந்தச் சரிவு ஒரு கட்டத்தில் டிவியின் தாங்கும் எல்லைக்குக் கீழே போனதும் அது தன்னை அணைத்துக்கொள்கிறது. அணைந்ததும் அதன் சுமை வயரிலிருந்து நீங்கி வோல்ட் ஏறும். பம்பும் நின்றிருந்தால் கேட்கவே வேண்டாம். "அட, கரண்ட் வந்துவிட்டதே" என்று டிவி மறுபடி எழும். லோகோ. மீண்டும் சரிவு. அன்று மாலை நாங்கள் பார்த்த லோகோ நாடகம் இதுதான்.

பழைய டிவிகள் இவ்வளவு முரடாக நடந்துகொள்ளவில்லை. முழுக்க டிரான்சிஸ்டரிலேயே இயங்கி, பேட்டரியிலும் ஓடிய 8 அங்குல டிவியை சோனி 1960இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வால்வுகள் இருந்தவரை டிவி என்பது சுவரில் கட்டிப்போட்ட யானை. டிரான்சிஸ்டர் வந்த பிறகே அது பயணம் கிளம்பியது. எழுபது, எண்பதுகளில் வந்த 12 அங்குலக் கறுப்பு-வெள்ளை போர்ட்டபிள் டிவிகள் பலவற்றின் பின்புறத்தில், 12 வோல்ட் என்று எழுதிய ஒரு தனித் துளை இருக்கும். பிரிட்டிஷ் கேரவன்களின் தலையணை மேட்டில் உட்கார்ந்திருந்தவை அவை. உள்ளே ஒரு சீராக்கி, வருகிற வோல்ட் எவ்வளவாக இருந்தாலும் சுமார் 11க்கு இறக்கி, மிச்சத்தை வெப்பமாக எரித்துவிடும். வீண்தான். ஆனால் பொறுமை அதிகம். படக்குழாய்க்குத் தேவையான 10,000 வோல்ட் வாக்கில் உள்ள மின்னழுத்தத்தையும் அந்த 11 வோல்ட்டிலிருந்தே ஒரு மின்மாற்றி எழுப்பித் தந்தது என்பது இப்போது நினைத்தாலும் வியப்பு.

அந்த டிவிகளை நன்றாக அறிந்தவர்கள் யார்க்‌ஷயரில் மட்டும் இல்லை. மின்கம்பம் எட்டாத இலங்கைக் கிராமங்களில் எண்பதுகளில் கார் பேட்டரியில் டிவி பார்த்த வீடுகள் ஏராளம். பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, சந்தியில் இருக்கும் சார்ஜ் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுநாள் போய் வாங்கிவர வேண்டும். பேட்டரி இறங்குவதை அறிய மீட்டர் தேவைப்படவில்லை. படத்தின் ஓரங்களில் கறுப்பு விளிம்பு தோன்றி, கதாநாயகியின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கும். படம் சுருங்குகிறதென்றால் நாளைக்குக் கடைக்குப் போக வேண்டும். முன்னறிவிப்பு கொடுத்து நோயுறும் கருவி அது. இன்றைய டிவி கடைசி நொடிவரை பளிச்சென்று இருந்துவிட்டுப் பட்டென்று போய்விடுகிறது.

அப்படியானால் கேரவனில் டிவிக்குக் கரண்ட் கொடுப்பது எப்படி? பெரும்பாலோர் செய்வது இன்வெர்ட்டர் வாங்குவது. நம் வீடுகளில் மின்வெட்டுக்காக வைத்திருக்கும் அதே இனம், அளவில் சிறியது. 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தை முதலில் 300 வோல்ட்டுக்கு மேல் தூக்கி, பிறகு அதை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக வெட்டிக் கொடுக்கும். டிவியின் அடாப்டர் அதை வாங்கி மறுபடி 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக்கி, அங்கிருந்து 12 வோல்ட்டுக்கு இறக்கும். கிளம்பின இடம் 12, போய்ச்சேர்ந்த இடமும் 12. எழும்பூரிலிருந்து தாம்பரம் போகத் திருப்பதி வழியாகச் சுற்றியது போல. ஒவ்வொரு நிலையத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சில்லறை சிந்தும். இன்வெர்ட்டரில் பத்துப் பன்னிரண்டு சதவீதம், அடாப்டரில் அதே அளவு. 24 வாட் டிவிக்கு பேட்டரி 31 வாட் கொடுக்க வேண்டி வரும்.

இந்த இழப்பைப் பற்றிப் புலம்புகிறவர்கள் அதிகம். எனக்கென்னவோ அது அவ்வளவு பெரிய பாவமாகப் படவில்லை. 100 ஆம்பியர்-மணி என்றால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் என்று பொருள். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், கைக்கு வருவது 50. நேரடியாக ஓட்டினால் 2 ஆம்பியரில் 25 மணி நேரம் டிவி பார்க்கலாம்; இன்வெர்ட்டர் வழியாக என்றால் 19. விடுமுறைக்கு வந்தவர் 19 மணி நேரம் டிவி பார்த்தாரென்றால் பிரச்சினை பேட்டரியில் இல்லை. உண்மையான பள்ளம் வேறு இடத்தில். டிவியை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை அணைக்காமல் தூங்கிவிடுவோம். எந்தச் சுமையும் இல்லாவிட்டாலும் அது தன் செலவுக்கு அரை ஆம்பியர் வரை எடுத்துக்கொண்டே இருக்கும். 24 மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி. நேரடியாக ஓட்டும் கணக்கில், யாரும் பார்க்காமலே ஆறு மணி நேர டிவி தீர்ந்துவிட்டது.

தனி அடாப்டர் இல்லாத டிவியும் ஓடும் என்பது இன்வெர்ட்டரின் ஒரே பெருமை. மின்வழங்கி உடம்புக்குள்ளேயே இருக்கிற பெரிய டிவிகளுக்கு வேறு வழியில்லை. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சைன் அலைக்குப் பதிலாகப் படிக்கட்டு அலை கொடுக்கும். டிவி பொறுத்துக்கொண்டாலும் ஸ்பீக்கரில் வண்டு புகுந்தாற்போல் ஒரு ரீங்காரம் கேட்கும்.

மச்சானின் வழி இரண்டாவது. அடாப்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, பேட்டரியின் வயரையே டிவியின் பின்துளையில் சொருகுவது. அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, பேட்டரியிலும் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, வேறென்ன வேண்டும்? இங்கேதான் நான் முன்பு சொன்ன பெயர்க் குழப்பம் வினையாகிறது. கூரையில் சூரியத் தகடு வைத்திருக்கிறார். வெயில் அடிக்கும் பகலில் பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொடும். சரியாக 12 வருமென்று நம்பிச் செய்த டிவியில், 16 வோல்ட் வரை தாங்கும் கெப்பாசிட்டர்களைப் போடுவது வழக்கம். தாங்கும், ஆனால் விளிம்பில். "ரெண்டு வருஷமா ஓடுது மாப்ள, ஒண்ணும் ஆகலையே" என்றார். உண்மை. யார்க்‌ஷயரில் வெயில் அடிக்கும் நாட்களின் எண்ணிக்கையும் அவருக்கு உதவியிருக்கலாம்.

எஞ்சின் உள்ள வண்டிகளில் ஆபத்து இன்னும் கூடுதல். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனை தளர்ந்து விலகினால், போக இடமில்லாத ஆற்றல் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் பல பத்து வோல்ட்டாக எகிறும். கார்களுக்கென்று செய்த கருவிகளில் அதைத் தாங்கும் ஏற்பாடு உண்டு. வரவேற்பறைக்கென்று செய்த டிவியில் அதற்கு என்ன அவசியம்? பிளக்கின் திசையும் கவனிக்க வேண்டியது. உருண்டைப் பிளக்கின் நடு ஊசி நேர்முனையா எதிர்முனையா என்பதை அடாப்டர் மேல் ஒரு சிறு படம் சொல்லும். மாற்றிக் கொடுத்தால் டிவியின் ஆயுள் முடிய ஒரு நொடி தேவைப்படாது. எல்லா டிவியும் 12 கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 19 வோல்ட் கேட்கும் டிவிகள் நிறைய. அவற்றை பேட்டரியில் நேரடியாகச் சொருகினால் ஒன்றும் நடக்காது. அது நல்லதிர்ஷ்டம்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. பேட்டரிக்கும் டிவிக்கும் நடுவே சோப்புக்கட்டி அளவுள்ள ஒரு டிசி-டிசி மாற்றி. 9 முதல் 18 வோல்ட் வரை எது உள்ளே போனாலும், வெளியே அசையாத 12 வரும். 19 வேண்டுமென்றால் 19 தரும் ரகமும் உண்டு. கேரவனுக்கென்றே விற்கும் டிவிகளில் இந்தச் சுற்று உள்ளேயே இருக்கிறது. அவற்றின் விலை ஏன் கூடுதல் என்று கேட்பவர்களுக்குப் பதிலின் ஒரு பகுதி இது. மறுபகுதி, கேரவன் என்ற பெயரை ஒட்டினாலே பிரிட்டனில் விலை ஏறிவிடும். நம் ஊரில் கல்யாணம் என்று சொல்லிவிட்டு வாடகை பேசுவது மாதிரி.

அந்தச் சோப்புக்கட்டிக்குள் நடப்பது அழகான காரியம். ஒரு கம்பிச்சுருள், ஒரு மின்னணு சுவிட்சு, மேற்பார்க்க ஒரு சில்லு. சுவிட்சு விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை மூடித் திறக்கும். மூடியிருக்கும்போது பேட்டரியின் ஆற்றல் சுருளைச் சுற்றிக் காந்தப்புலமாகத் தேங்குகிறது. திறந்ததும் அந்தத் தேக்கம் மறுபக்கம் கொட்டப்படுகிறது. குளத்தில் வாளியால் மொள்வதைப் போல. நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும், கரையில் எந்தத் தொட்டியில் எவ்வளவு உயரத்தில் கொட்டுவதென்பது வாளி பிடித்தவர் கையில். மட்டம் தாழ்ந்தால் சில்லு வாளியைக் கொஞ்சம் அதிக நேரம் முக்கி வைக்கும். மிச்ச வோல்ட்டை எரித்துத் தள்ளிய பழைய சீராக்கியைப் போலன்றி, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மறுகரை சேர்ந்துவிடும்.

ஒரே குறை, வாளிச் சத்தம். லட்சக்கணக்கில் துடிக்கும் சுவிட்சு வானொலி அலைகளாகவும் கசியும். பிரிட்டனின் தரைவழி டிஜிட்டல் டிவி 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைகளில் வருகிறது. மலிவான மாற்றியை ஏரியலுக்குப் பக்கத்தில் வைத்தால் படம் சதுரம் சதுரமாக உடையும். டேல்ஸ் போன்ற பள்ளத்தாக்குகளில் அலை ஏற்கெனவே நலிந்தது. மலைக்குப் பின்னால் மறைந்த பெரிய கோபுரத்துக்குப் பதிலாகச் சிறு துணைக் கோபுரங்களை நம்ப வேண்டும். பெரிய கோபுரங்கள் பெரும்பாலும் கிடைமட்டமாக அலை அனுப்புகின்றன, துணைக் கோபுரங்கள் பெரும்பாலும் செங்குத்தாக. மச்சான் முதல் நாள் முழுக்க ஏரியலைத் திசை மாற்றித் திசை மாற்றி அலுத்துப்போனார். திசை சரியாகத்தான் இருந்தது. ஏரியலை அச்சிலேயே 90 டிகிரி சாய்க்க வேண்டியிருந்தது.

பக்கத்துக் கேரவனில் இருந்த முதியவர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று செயற்கைக்கோள் டிஷ் வைத்திருந்தார். கிழக்கே 28.2 டிகிரியில் நிற்கும் ஆஸ்ட்ரா செயற்கைக்கோள்களை நோக்கி, அடிவானத்திலிருந்து 22 டிகிரி உயரத்தில் அதைச் சாய்த்திருந்தார். அவருக்கும் ஒரு குறை: சில நாட்களில் பாதிச் சேனல்கள் மட்டும் வருகின்றன. கேட்டதுமே எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த அளவுக்கு வோல்ட் பைத்தியம் பிடித்திருந்தது. டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்.என்.பி.க்கு ரிசீவர்தான் வயர் வழியே கரண்ட் அனுப்புகிறது: ஒருவகை அலைகளுக்கு 13 வோல்ட், மற்ற வகைக்கு 18. பேட்டரியிலிருந்து வருவதைத் தூக்கி 18 ஆக்க வேண்டும். ரிசீவருக்குப் போகும் வோல்ட் தளர்ந்தால் 13 தேறிவிடும், 18 தேறாது. பாதிச் சேனல் தேறும், பாதி தேறாது.

மறுநாள் காலை ஸ்கிப்டன் ஊருக்குப் போய் கார் உதிரிபாகக் கடையில் 4 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயர் 8 மீட்டர், ஒரு ஃப்யூஸ் கூடு, சில ஃப்யூஸ்கள் வாங்கினோம். டிசி-டிசி மாற்றி அங்கே இல்லை. ஊருக்குப் போய் வாங்கிக்கொள்வதாக மச்சான் வாக்குக் கொடுத்தார். ஃப்யூஸை எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம். டிவியைக் காப்பாற்றத்தானே, டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் மாற்றுவதற்கும் வசதி என்றார் அவர். ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. 12 வோல்ட்டைத் தொட்டால் ஷாக் அடிக்காது, அதனால் ஓர் அலட்சியம். ஆனால் பேட்டரியின் உள்தடை மிக மிகச் சிறியது. இரு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் ஆயிரம் ஆம்பியர் வரை பாயும், ஸ்பேனர் பழுக்கும், முனை உருகும். ஏழு மீட்டர் வயரில் எங்கேயாவது உறை தேய்ந்து உலோகத்தைத் தொட்டால் அதே கதை, அதுவும் பஞ்சு மெத்தைகளுக்கு அடியில். பேட்டரியின் நேர்முனையை விட்டு வயர் கிளம்பும் இடத்திலேயே ஃப்யூஸ் இருந்தால்தான் முழு வயரும் காவலுக்குள் வரும். வேலை தொடங்குமுன் மோதிரத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன்.

தரைக்கு அடியில் ஊர்ந்து வயரைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பகல் முழுக்கப் போயிற்று. கணக்குப்படி 14 மீட்டருக்கு 0.06 ஓம், 2 ஆம்பியருக்கு இழப்பு எட்டில் ஒரு வோல்ட்டுகூட இல்லை. அதைவிட முக்கியம், பம்பின் கரண்ட் இந்த வயருக்குள் வருவதே இல்லை. பச்சை பூத்த பழைய இணைப்பை வெட்டி எடுத்து மேசைமேல் வைத்தோம். ஒரு பேட்டரியின் விலை அது.

மாலை ஆறரைக்கு டிவியைப் போட்டோம். மீட்டர் 12.1. "திறங்க அக்கா." அக்கா குழாயைத் திருகினார். பம்ப் உறுமியது, தண்ணீர் கொட்டியது, 12.1 என்பது 12.0 ஆகி அங்கேயே நின்றது. படம் இமைக்கவில்லை. மச்சான் இன்னும் நம்பாமல் அடுக்களை, கழிவறை என்று இரண்டு குழாய்களையும் திறந்துவிட்டு வந்து டிவி முன்னால் நின்றார்.

லண்டனிலும் மழை. கூரையில்லாத கோர்ட் ஒன்றில் நடுவர் இறங்கிப்போயிருந்தார். திரையில் ஒரு மணி நேரமாக, பச்சைத் தார்ப்பாய்மேல் தண்ணீர் சொட்டுவதைத் துல்லியமாக, ஒரு தடவையும் அணையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.